'எல்லாமே பிடிக்கும்'னு சொல்றவங்களோட ஒரு பஞ்சாயத்து

போன மாசம் அக்கா பையன் வெள்ளானூருக்கு வந்திருந்தான். காலேஜ் ரெண்டாவது வருஷம். கறுப்பு டி-ஷர்ட், மார்புல ஒரு முக்கோணக் கண்ணாடி, அதுலேர்ந்து கிளம்பற வானவில். நம்ம மக்கள்ஸ் எல்லாருக்கும் அது என்னன்னு தெரியும். பிங்க் ஃப்ளாய்டோட 'டார்க் சைட் ஆஃப் தி மூன்', 1973. அமெரிக்காவோட பில்போர்டு பட்டியல்ல 1973க்கும் 1988க்கும் நடுவுல 741 வாரம் உக்காந்திருந்த ஆல்பம்.

"பரவால்லயே, அதான் உனக்குப் பிடிச்ச ஆல்பமா?"ன்னு கேட்டேன். பையன் என்னைப் பரிதாபமா பார்த்தான். "இல்ல மாமா, டி-ஷர்ட் இதுலதான் கிடைக்குது. எனக்குப் பிடிச்சது 'அனிமல்ஸ்'." அப்புறம் அரை மணி நேரம் கிளாஸ் எடுத்தான். 1977ல வந்ததாம். நாய், பன்னி, ஆடுன்னு மனுஷங்களை மூணா பிரிச்சு மூணு நீளமான பாட்டு. அட்டையில லண்டன் பேட்டர்சீ அனல்மின் நிலையம், அதோட புகைபோக்கிகளுக்கு நடுவுல ஒரு பலூன் பன்னி. அது ஏன் 'டார்க் சைட்'டை விட ஒசத்தின்னு ஒவ்வொரு காரணமா அடுக்கினான். பாதி எனக்கு ஒப்புதல் இல்லை. ஆனா காரணம் வச்சிருந்தான் பாருங்க, அதான் விஷயம்.

முடிச்சுட்டு, "மாமா, நீங்க அவ்ளோ பெரிய ராஜா ரசிகர். உங்களுக்குப் பிடிச்ச ராஜா ஆல்பம் எது?"ன்னான்.

நான் என்ன சொல்லியிருப்பேன்னு நினைக்கறீங்க? நீங்க சொல்றதைத்தான். "எப்படிடா ஒண்ணைச் சொல்றது? கடல்ல எந்த அலை நல்ல அலைன்னு கேப்பியா? எல்லாமே பிடிக்கும்."

பையன் சிரிச்சான். "அப்ப நீங்க எதையுமே சரியா கேக்கலன்னு அர்த்தம் மாமா."

ராத்திரி முழுக்கத் தூக்கம் வரலை. அதன் விளைவுதான் இந்தப் பதிவு. ஆட்டோ அனுப்ப நினைக்கறவங்க, வெளிவட்டச் சாலை வந்த பிறகு எங்க ஊருக்கு வழி சுலபம், தாராளமா அனுப்பலாம் :-)

1. 'எல்லாமே' என்பது பதில் இல்லை, தப்பிச்சு ஓடறது

முதல்ல நம்மளையே திட்டிக்கறேன். ராஜா ரசிகர்கள்ங்கற நம்ம கூட்டம் முப்பது நாப்பது வருஷமா செய்யற வேலை என்ன? கும்பிடு போடறது. 'ராகதேவன்', 'இசைக்கடவுள்', 'மொட்டை மொட்டைதான்'. கடவுள்னு சொல்லிட்டா ஒரு வசதி இருக்கு. உக்காந்து கேக்க வேண்டாம். கோயிலுக்குப் போறவன் சிற்பத்தைப் பார்க்கறானா? தேங்காய் உடைச்சமா, கன்னத்துல போட்டுக்கிட்டமா, வந்தமான்னு இருக்கான். அதே கதைதான்.

அந்தப் பக்கம் பாருங்க. பீட்டில்ஸ் ரசிகர்கள் அம்பது வருஷத்துக்கு மேல அடிச்சுக்கறாங்க. 1966ல வந்த 'ரிவால்வர்' ஒசத்தியா, 1967ல வந்த 'சார்ஜென்ட் பெப்பர்' ஒசத்தியா, 1969ல வந்த 'அபே ரோடு' ஒசத்தியான்னு. வெட்டிச் சண்டைன்னு நமக்குத் தோணும். ஆனா அந்தச் சண்டையால என்ன நடந்துச்சு? 2017ல 'சார்ஜென்ட் பெப்பர்', 2022ல 'ரிவால்வர்', ரெண்டையும் ஸ்டுடியோவுல வாசிச்சுப் பார்த்த ஒத்திகை டேப்புகளோட மறுபடி வெளியிட்டாங்க. எந்தப் பாட்டு எத்தனையாவது டேக்குல எப்படி மாறுச்சுன்னு ஒருத்தன் உக்காந்து கேக்கலாம்.

இன்னொண்ணு சொல்றேன். 'சார்ஜென்ட் பெப்பர்'ல ஜார்ஜ் ஹாரிசன் சிதார் வாசிச்சு ஒரு பாட்டுப் பண்ணியிருப்பார். அதுல தில்ரூபா, தபலா, தம்புரா வாசிச்ச இந்தியக் கலைஞர்கள் லண்டன்ல குடியிருந்தவங்க. ஆல்பம் அட்டையில அவங்க பேர் கிடையாது. யார்னே தெரியாம கிட்டத்தட்ட அம்பது வருஷம் போச்சு. அப்புறம் லிவர்பூல்ல பல்கலைக்கழக ஆளுங்க தேடிக் கண்டுபிடிச்சாங்க. ஏன் தேடினாங்க? அந்த ஆல்பத்தை ஒவ்வொரு நொடியா கேட்டு, 'இந்தத் தபலா யாரு?'ன்னு நச்சரிச்ச ஒரு கூட்டம் இருந்ததால.

இப்ப நம்ம பக்கம் வாங்க. உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச ராஜா பாட்டு ஒண்ணை நினைச்சுக்குங்க. அதுல பேஸ் கிடார் வாசிச்சது யாரு? தெரியாதா? எனக்கும் பாதிப் பாட்டுக்குத் தெரியாது. பிங்க் ஃப்ளாய்டுல ட்ரம்ஸ் நிக் மேசன், கீபோர்டு ரிச்சர்ட் ரைட்னு பத்தொன்பது வயசுப் பையன் சொல்றான். நமக்கு 'ராஜா'ன்னு ஒரே பேர். அவருக்கும் ஒரு பேண்ட் இருந்துச்சுங்க! வயலின் வி.எஸ்.நரசிம்மன், கிடார் சதா மாஸ்டர், பேஸ் கிடார் சசிதரன், கீபோர்டு விஜி மேனுவல், புல்லாங்குழல் நெப்போலியன்ங்கற அருண்மொழி, ட்ரம்ஸும் ஆர்கெஸ்ட்ரா நடத்தறதும் புருஷோத்தமன். உலகத்துல எந்த ராக் பேண்டும் இவங்க அளவுக்குப் பாட்டு பதிவு பண்ணியிருக்காது. 'எல்லாமே பிடிக்கும்'னு சொல்ற ரசிகனுக்கு இந்தப் பேர் எதுவும் தேவைப்படலை. ஒண்ணைத் தேர்ந்தெடுத்து 'இதுதான்'னு சொல்றவனுக்கு 'ஏன்'னு ஒரு கேள்வி வரும். அந்த 'ஏன்'ல இருந்துதான் இந்தப் பேர் எல்லாம் வரும்.

2. சினிமாப் பாட்டு கேசட் ஆல்பமா?

சரி, தேர்ந்தெடுப்போம். உடனே 'ஜானி', 'நாயகன்', 'சிந்து பைரவி', 'தளபதி'ன்னு பட்டியல் போடுவீங்க. நாலும் எனக்கு உசுரு. ஆனா ஒரு ராக் ரசிகன் ஆல்பம்னு சொல்றப்ப அதுக்கு ஒரு அர்த்தம் இருக்கு. முதல் பாட்டு ஏன் முதல்ல வருது, கடைசி ஏன் கடைசின்னு செஞ்சவனே யோசிச்சு வச்சது. நம்ம படப் பாட்டு அப்படி இல்லை. இயக்குநர் சிச்சுவேஷன் சொல்றார், ஹீரோ அறிமுகம் ஒண்ணு, டூயட் ரெண்டு, சோகம் ஒண்ணு. அது குறை இல்லை, அது வேற கலை. கட்டுப்பாட்டுக்குள்ள அவர் பண்ணின மாயம். ஆனா ஆல்பமான்னு கேட்டா இல்லை.

நாமளும் ஆல்பமா கேட்டதில்லையே! ஆவடியிலயும் அம்பத்தூர்லயும் தெருவுக்கு ஒரு ரெக்கார்டிங் கடை இருந்த காலம். வெள்ளைத் தாள்ல பாட்டுப் பேர் எழுதிக் குடுத்தா, ரெண்டு நாள்ல அறுபதோ தொண்ணூறோ நிமிஷ கேசட்டுல அடிச்சுக் குடுப்பாங்க. பத்துப் படத்துலேர்ந்து பன்னெண்டு பாட்டு. நாமதான் அதுக்கு வரிசை போட்டோம், ராஜா இல்லை.

அதனால என் போட்டியில ராஜா தானா, எந்த இயக்குநரும் சிச்சுவேஷன் சொல்லாம பண்ணினது மட்டும்தான். முக்கியமா மூணு. 1986ல 'ஹவ் டு நேம் இட்'. 1988ல ஹரிபிரசாத் சௌராசியா புல்லாங்குழலோட 'நத்திங் பட் விண்ட்'. 2005ல 'திருவாசகம்'. (1993ல லண்டன் ராயல் ஃபில்ஹார்மோனிக்கோட பதிவு பண்ணின சிம்பொனி வெளிய வரவே இல்லை. 2025 மார்ச் 8 அன்னிக்கு அதே லண்டன்ல அரங்கேறின 'வேலியன்ட்' சிம்பொனியை இன்னும் நிறைய தடவை கேக்கணும். அதுக்குத் தனிப் பஞ்சாயத்து.)

என் ஓட்டு 'ஹவ் டு நேம் இட்'டுக்கு. ஆனா இதே ஆல்பத்துக்கு ஓட்டுப் போடற நிறைய பேரோட எனக்கு இன்னும் பெரிய சண்டை இருக்கு.

3. பாக் குடுத்த சர்டிபிகேட்

'ஹவ் டு நேம் இட்' ஏன் ஒசத்தின்னு கேட்டா வழக்கமா வர்ற பதில்: "நம்மாளு பாக் லெவலுக்குப் போயிட்டார் பார்த்தியா!" 'திருவாசகம்' ஏன் ஒசத்தி? "புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா வாசிச்சிருக்கு!" சிம்பொனி ஏன் ஒசத்தி? "லண்டன்!" ஏங்க, இது இசை ரசனையா, விசா இன்டர்வியூவா? 2005ல 'திருவாசகம்' வந்தப்ப நம்ம பதிவுலகமே ரெண்டா பிரிஞ்சு அடிச்சுக்கிச்சே, அதுல எத்தனை பேர் ஆறு பாட்டையும் முழுசா கேட்டுட்டுப் பேசினாங்க? சிம்பொனியா, ஆரட்டோரியோவா, பேர் வைக்கலாமா கூடாதாங்கறதுலயே பாதிச் சண்டை போச்சு. வெளிநாட்டுக்காரன் வாசிச்சுட்டான்ங்கறது ஒரு கட்சி, வாசிச்சும் இது சிம்பொனி இல்லைங்கறது இன்னொரு கட்சி. ரெண்டு கட்சிக்கும் அளவுகோல் ஐரோப்பாவுலதான் இருந்துச்சு.

'ஹவ் டு நேம் இட்'டை ராஜா தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம் பண்ணியிருக்கார். ரெண்டு பேருக்கும். பாக் 1750ல செத்துட்டார், தியாகராஜர் 1767ல பொறந்தார். நடுவுல பதினேழு வருஷம். சந்திச்சிருக்கவே முடியாத ரெண்டு பேரை ஒரு வீட்டுல உக்கார வச்சுப் பேச விடறார். ஒரு பாட்டுக்குப் பேரே 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்'. கவனிங்க, 'மை ஹவுஸ்'. பாக் வீட்டுக்கு இவர் போகலை, இவர் வீட்டுக்கு பாக் வந்தார். அடுத்த பாட்டு 'அண்ட் வீ ஹேட் எ டாக்'. விருந்தாளி வந்தா பேசத்தானே செய்யணும். இதுல எங்கேங்க சர்டிபிகேட்?

வயலினே பாருங்க. அது ஐரோப்பாவோட வாத்தியம். கர்நாடக இசைக்கு அதைக் கொண்டு வந்தவர்னு சொல்லப்படறவர் முத்துசுவாமி தீட்சிதரோட தம்பி பாலுசுவாமி தீட்சிதர். அந்தக் குடும்பத்தை ஆதரிச்சது மணலி முதலியார் வீடு. மெட்ராஸ் கோட்டையில வெள்ளைக்காரங்க வாசிச்சதைக் கேட்டு அண்ணன் நோட்டுஸ்வரம் எழுதினார், தம்பி வயலின் கத்துக்கிட்டார். எங்க மணலிங்க! எங்க ஊர்லேர்ந்து செங்குன்றம், மாதவரம் வழியா போனா வர்ற மணலி. இரு நூறு வருஷத்துக்கு முன்னாடியே இங்க வந்து, சப்பணம் போட்டு உக்காந்து, கீர்த்தனை வாசிக்கக் கத்துக்கிட்ட வாத்தியத்துக்கு 1986ல போய் யார்கிட்ட அனுமதி வாங்கணும்?

4. அப்படி என்ன இருக்கு அதுல?

இசை இலக்கணம் எனக்குத் தெரியாது. பத்தாம் வகுப்போட கீபோர்டு கிளாஸ் நிறுத்தினவன். தெரிஞ்சதைச் சொல்றேன், தப்பிருந்தா பின்னூட்டத்துல குட்டுங்க.

பாக்கோட வேலை ஒரே நேரத்துல பல குரல் பேசறது. 'ஃபியூக்'னு ஒரு வடிவம். எங்க அம்மாவும் சித்தியும் ஒரே கல்யாணக் கதையைச் சொல்ற மாதிரி. அம்மா ஆரம்பிப்பாங்க. ரெண்டு வரி போனதும் சித்தி அதையே முதல்லேர்ந்து ஆரம்பிப்பாங்க. அம்மா நிறுத்த மாட்டாங்க, மேல போயிட்டே இருப்பாங்க. மூணாவதா அத்தை வருவாங்க. ஆனா மூணு பேர் பேசறதும் ஒண்ணோட ஒண்ணு இடிக்காம அழகா பொருந்தணும். அதான் ஃபியூக். (எங்க வீட்டுல பொருந்தாது, அது வேற.)

தியாகராஜரோட வேலை நேர் எதிர். ஒரே குரல். ஆனா அந்த ஒரு குரல்ல ஒவ்வொரு ஸ்வரமும் அசையும். கமகம். ஸ்வரம் ஒரு இடத்துல நிக்காது, பக்கத்து வீட்டை எட்டிப் பார்த்துட்டு வரும். இங்கதான் சிக்கல். பல குரல் ஒண்ணா பொருந்தணும்னா ஒவ்வொண்ணும் அதது இடத்துல அசையாம நிக்கணும். அசைஞ்சா இடிக்கும். நிறுத்திட்டா ராகம் செத்துடும். இந்த ரெண்டையும் ஒண்ணா வைக்கறேன்னு கிளம்பினவங்க பல பேர் பண்ணினது என்னன்னா, பாதி நிமிஷம் அவன் வாசிப்பான், பாதி நிமிஷம் இவன் வாசிப்பான், கடைசியில கைகுலுக்கிட்டு முடிச்சுக்குவாங்க. ஃப்யூஷன்னு பேரு.

'ஹவ் டு நேம் இட்'ல நான் கேக்கறது வேற. நரசிம்மனோட தனி வயலின் முன்னாடி ராகத்தோட வளைவுகளோட போகுது. பின்னாடி தந்திக் கூட்டம் நேர்க்கோடு போடுது. ஆனா அந்த நேர்க்கோடுகளும் அதே ராகத்துலேர்ந்து பொறந்ததுதான். 'மேட் மாட் மூட் ஃபியூக்'ல அம்மா, சித்தி, அத்தை எல்லாரும் நம்ம ராகத்துலயே பேசறாங்க. 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்'ல பாக்கோட தனி வயலின் பார்ட்டிட்டா ஒண்ணோட முதல் பகுதியை நரசிம்மன் வாசிக்க, அதைச் சுத்தி ராஜா புதுசா எழுதிக்கிட்டே போறார். பெரியவர் பேசறப்ப ஊடால ஊடால பேசற தைரியம்.

சரி, எதிர்க்கட்சிக்கும் நியாயமா இருக்கணும். 'நத்திங் பட் விண்ட்' கோஷ்டியில எனக்கு ஒரு நண்பர் உண்டு. அண்ணனூர்க்காரர். அவர் வாதம் வலுவானது. "ஹவ் டு நேம் இட் ஹோம்வொர்க் மாதிரி இருக்கு அண்ணே. 'ஸ்டடி ஃபார் வயலின்'னு பேரே வச்சிருக்கார். பாக்கைப் படிச்ச ஒரு மாணவனோட நோட்டுப் புத்தகம். நத்திங் பட் விண்ட்ல அவர் மூச்சு விடறார்." எண்பதுகளோட எலக்ட்ரானிக் சத்தம் சில இடத்துல காதைக் குத்துதுன்னும் சொல்வார். ரெண்டையும் ஒத்துக்கறேன். 'நத்திங் பட் விண்ட்' அழகுலயும் சுகத்துலயும் மேல. சௌராசியாவோட குழல் வர்றப்ப ஆர்கெஸ்ட்ரா முழுக்க வழி விடுது.

அதான் என் புகார். வழி விடுது. யாரும் யாரோடவும் மோதலை. அதைக் கேட்டுக்கிட்டே தூங்கலாம், நானே தூங்கியிருக்கேன். 'ஹவ் டு நேம் இட்' போட்டா தூங்க முடியாது. ஒருத்தன் தனக்கு ரொம்பப் பிடிச்ச ரெண்டு பெரியவங்களுக்கு நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கறது கேக்கும். ஹோம்வொர்க்னு சொன்னா ஹோம்வொர்க்தான். அதே 1986ல 'மௌன ராகம்', 'புன்னகை மன்னன்', 'விக்ரம்' பண்ணின ஆள், ஊரே தலையில தூக்கி வச்சு ஆடற நேரத்துல, உக்காந்து ஹோம்வொர்க் பண்றார். வாத்தியார் யாரும் கேக்காமலே. எனக்கு அது மூச்சு விடறதை விடப் பெருசு.

5. பேர் இல்லாத கேசட்

இனி சொல்றது வாதம் இல்லை. ஆனா என் ஓட்டு எங்கேர்ந்து வருதுன்னு மறைச்சா நான் பையன்கிட்ட தோத்தவனாயிடுவேன்.

நான் பத்தாவது படிக்கறப்ப 'மௌன ராகம்' பாட்டு அடிச்சுத் தரச் சொல்லி ஒரு ரெக்கார்டிங் கடையில அறுபது நிமிஷ கேசட் குடுத்தேன். பாட்டு முடிஞ்சு மீதி இடம் இருந்துச்சு. கடைக்கார அண்ணன் மிச்சத்துல ஏதோ வயலினை ரொப்பிட்டு, அட்டையில பேனாவால 'மியூசிக்'னு எழுதிக் குடுத்துட்டார். எனக்குக் கோவம். இன்னும் நாலு பாட்டு போட்டிருக்கலாமே! ஆனா கேசட்டைத் திருப்பிப் போட சோம்பேறித்தனப்பட்டு அந்த 'மியூசிக்'கைத் தினம் கேட்டேன். அது யாரு, என்ன, எதுவும் தெரியாது.

அப்ப நாங்க அம்பத்தூர்ல வாடகைக்கு இருந்தோம். அப்பா எஸ்டேட்ல ஒரு சின்ன பட்டறையில லேத் ஓட்டினவர். வெள்ளானூர்ல அரை கிரவுண்டு மனைக்கு மாசத் தவணை கட்டிக்கிட்டிருந்தார். ஞாயித்துக்கிழமையானா சைக்கிள்ல வந்து மனையைப் பார்த்துட்டுப் போவார். பார்க்க என்ன இருக்கு? நாலு மூலையில நாலு கல்லு, நடுவுல முள்ளு. அந்தக் கல்லு நகர்ந்துருச்சான்னு பார்ப்பார்.

தூர்தர்ஷன்ல ஞாயித்துக்கிழமை மத்தியானம் விருது வாங்கின மாநில மொழிப் படம் போடுவாங்க. ஒரு நாள் பாலு மகேந்திராவோட 'வீடு'. 1988 படம். அர்ச்சனாவுக்கு தேசிய விருது வாங்கிக் குடுத்தது. ஒரு சாதாரண ஆபீஸ் வேலைப் பொண்ணு, தாத்தாவையும் தங்கச்சியையும் வச்சுக்கிட்டு ஒரு சின்ன வீடு கட்டப் பார்க்கற கதை. பாட்டு கிடையாது. படம் ஆரம்பிச்சுக் கொஞ்ச நேரத்துல அப்பா டக்குன்னு திரும்பினார்.

"டேய், இது உன் கேசட்ல வர்றது இல்ல?"

ஆமாம். நான் கவனிக்கலை. அப்பா கவனிச்சார். பாட்டு கேக்கற மனுஷனே இல்லை அவர். லேத் சத்தத்துல ஒரு காது பாதி போச்சு. பக்கத்து அறையில நான் போட்டது சுவர் வழியா அவர் காதுல விழுந்து தங்கியிருக்கு. பாக் பேரும் தெரியாது, ஃபியூக்கும் தெரியாது.

படத்தோட கடைசிக்கு முன்னாடி சொக்கலிங்க பாகவதர், அந்தத் தாத்தா, பாதி கட்டின வீட்டைப் பார்க்கத் தனியா கிளம்பி வர்ற காட்சி வரும். அப்பா எழுந்து வெளிய போயிட்டார். முடிவுல அந்த நிலத்தை அரசாங்கம் ஏற்கனவே எடுத்துக்கிட்டதுன்னு தெரியவரும். நல்லவேளை அதை அவர் பார்க்கலை. பார்த்திருந்தா அடுத்த ஞாயித்துக்கிழமை சைக்கிளை எடுத்துக்கிட்டு தாலுகா ஆபீசுக்குப் போயிருப்பார். ஞாயித்துக்கிழமைங்கறதையும் பார்க்காம.

எங்க வீடு 1996ல எழுந்துச்சு. ரெண்டு ரூம். வெளிச்சுவர் பூச அப்புறம் எட்டு வருஷம் ஆச்சு. அந்தக் கேசட்டோட பேர் 'ஹவ் டு நேம் இட்'னு எனக்குத் தெரிஞ்சது வேலைக்குப் போன பிறகு. பேரைப் படிச்சுட்டு கடையிலயே சிரிச்சேன். பேர் தெரியாமலே இத்தனை வருஷம் கேட்ட ஆல்பத்துக்குப் பேரே அதான். அப்பா 2011ல போயிட்டார்.

இதுலேர்ந்து நான் எடுத்துக்கற பாடம் ஒண்ணுதான். இந்த ஆல்பம் படத்துக்குன்னு எழுதினது இல்லை, ஆனாலும் ஒரு நடுத்தரக் குடும்பத்தோட செங்கல், சிமெண்ட், கடன் எல்லாத்துக்கு மேலயும் பொருந்தி உக்காந்துச்சு. பாக் தெரிஞ்சவனுக்குன்னு எழுதினதும் இல்லை, லேத் ஓட்டினவர் காதுல தங்குச்சு. 'சினிமாவுல இல்லாததால இது தூய இசை'ன்னு சொல்றவனும் தப்பு. 'பாக் அளவுக்கு இருக்கறதால பெருசு'ன்னு சொல்றவனும் தப்பு. சர்டிபிகேட் இல்லாம, பேரே இல்லாம, கேசட்டோட மிச்ச இடத்துல வந்தும் நின்னுச்சு. ஆல்பத்துக்கு அதை விட வேற என்ன பரீட்சை வேணும்?

6. 'டோன்ட் கம்பேர்'

தெரியும். இந்நேரம் யாராவது விரலை நீட்டிக்கிட்டு வந்திருப்பீங்க. "யோவ், அந்த ஆல்பத்துலயே ஒரு பாட்டுக்குப் பேர் 'டோன்ட் கம்பேர்'. ராஜாவே ஒப்பிடாதேன்னு சொல்லிட்டார்." அய்யா, அதுக்கு அடுத்த பாட்டோட பேர் 'டூ எனிதிங்'. நான் அதை எடுத்துக்கிட்டேன் :-)

விளையாட்டு போகட்டும். 'ஒப்பிடாதே'ங்கறது பாட்டுப் போடறவன் சொன்னா நியாயம். தியாகராஜரையும் பாக்கையும் தராசுல வைக்காதீங்கன்னு அவர் சொல்லலாம். ரசிகன் அதைச் சொல்லிக்கிட்டு சும்மா உக்காரக் கூடாது. நாம ஒப்பிடலைன்னா, எது நல்லாயிருக்குன்னு சண்டை போடலைன்னா, இந்த ஆல்பங்கள் எல்லாம் 'இசைஞானியின் அரிய படைப்புகள்'ங்கற தலைப்புல கண்ணாடி அலமாரிக்குள்ள போயிடும். யாரும் திறக்க மாட்டாங்க. அக்கா பையனுக்கு 1977ல லண்டன்ல வந்த ஆல்பத்தைப் பத்தி அரை மணி நேரம் பேச விஷயம் கிடைக்குது. 1986ல இங்க வந்த ஆல்பத்தைப் பத்தி அவனுக்கு யார் சொன்னா? அவனைக் குத்தம் சொல்லி என்ன பண்றது? வீட்டுல மாமான்னு ஒருத்தன் 'எல்லாமே பிடிக்கும்'னு சொல்லிக்கிட்டு இருந்தான்.

மறுநாள் காலையில அவனை உக்கார வச்சு முதல்லேர்ந்து போட்டேன். பத்துப் பாட்டும் கேட்டான். கேட்டு முடிச்சுட்டு, "'இட் இஸ் ஃபிக்ஸ்ட்' பிடிச்சிருக்கு மாமா, ஆனா 'அனிமல்ஸ்' அளவுக்கு இல்ல"ன்னான். சந்தோஷமா இருந்துச்சு. காரணம் கேட்டேன், சொன்னான். சண்டை போட்டோம். மத்தியானம் சாப்பாடு ஆறிப் போச்சு, அக்கா ரெண்டு பேரையும் திட்டினா. கிளம்பறப்ப வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டே கேட்டான்: "அந்த வயலின் வாசிச்சது யாரு மாமா?"

நரசிம்மன்டா. வி.எஸ்.நரசிம்மன். 1981ல 'ராஜ பார்வை'யில கமல் பார்வையில்லாத வயலின்காரரா நடிச்சப்ப, அந்த வயலினோட கை இவருது. பின்னாடி மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட்னு குழு ஆரம்பிச்சு, கீர்த்தனைகளை நாலு தந்தி வாத்தியத்துக்கு மாத்தி எழுதி, 1986ல கேட்ட கேள்வியை விடாம கேட்டுக்கிட்டே இருந்தவர்.

பையன் போன்ல பேரைக் குறிச்சுக்கிட்டான்.

பி.கு. 1: பின்னூட்டத்துல ஆளுக்கு ஒரே ஒரு ஆல்பம், ஒரே ஒரு காரணம் சொல்லுங்க. 'நத்திங் பட் விண்ட்' கோஷ்டி வரலாம், 'திருவாசகம்' கோஷ்டியும் வரலாம், படப் பாட்டுதான் ஆல்பம்னு சொல்றவங்க ரெண்டு தடவை வரலாம். 'எல்லாமே பிடிக்கும்'னு வர்ற பின்னூட்டம் மட்டும் மட்டுறுத்தப்படும்.

பி.கு. 2: அண்ணனூர் நண்பரே, படிச்சிருப்பீங்க. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க. குழலோட வாங்க, வயலினோட காத்திருக்கேன்.